டெல்லியில் பழுது, திருவனந்தபுரத்தில் காத்திருப்பு

வாசகர் கேள்வி: நாங்கள் பாறசாலைக்கு அருகில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். எல்லைப் பாதுகாப்புப் படையில் இருக்கும் என் தம்பி, விடுப்பு முடிந்து 2025 நவம்பர் 7 அன்று பணிக்குத் திரும்பினான். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கு ஒரு டிக்கெட், டெல்லியிலிருந்து ஜம்முவுக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தான். டெல்லியில் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாகிவிட்டது என்று சொல்லி இங்கேயே பல மணி நேரம் காக்க வைத்தார்கள். ஜம்மு விமானம் தவறிப்போய், புதிதாகப் பணம் கட்டித்தான் போய்ச் சேர்ந்தான். டி.வி.யில் அந்தச் செய்தியைப் பார்த்ததிலிருந்து, எழுபத்திரண்டு வயதாகும் எங்கள் அம்மா, பிப்ரவரியில் டெல்லி அண்ணன் வீட்டுக்கு விமானத்தில் வரமாட்டேன் என்கிறார். 'திரை அணைந்துபோனால் மேலே போகிற விமானமெல்லாம் என்ன ஆகும்?' என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. டெல்லியில் பழுதானால் திருவனந்தபுரத்தில் ஏன் நிறுத்துகிறார்கள்? இது ஹேக்கர்களின் வேலையா? தம்பிக்கு இழப்பீடு கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். திரை அணைந்தால், மேலே இருக்கும் விமானங்கள் பறந்துகொண்டே இருக்கும். கீழே இருக்கும் விமானங்கள் கிளம்பாமல் நிற்கும். முப்பத்து மூன்று ஆண்டுகள் கட்டுப்பாட்டுக் கோபுரங்களிலும் ராடார் அறைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது உங்கள் ஊரிலிருந்து சில மைல் தள்ளிக் குழித்துறையில் இருக்கும் நான், இந்த ஒரு வரியைத் தயக்கமில்லாமல் எழுதுகிறேன். அம்மாவிடம் இதை இப்படியே படித்துக் காட்டுங்கள்.

விமானத்தை ஓட்டுவது விமானிதான். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எந்தத் திசையில் போகிறோம், எரிபொருள் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதெல்லாம் அவர் முன்னால் இருக்கும் கருவிகளிலேயே தெரியும். அவற்றில் எதுவும் தரையில் இருக்கும் ராடாரை நம்பி இயங்குவதில்லை. கட்டுப்பாட்டாளரான எங்கள் வேலை, ஒரு விமானத்துக்கும் இன்னொரு விமானத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியைக் காப்பது. திரை அணையும்போது எங்களுக்குக் குறைவது, அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கும் வசதி. அதுவரை யாருக்கு என்ன உயரம் கொடுத்தோம், யார் எங்கே இருக்கிறார்கள் என்ற அறிவு, கட்டுப்பாட்டாளரின் தலைக்குள்ளும் அவர் முன்னால் இருக்கும் காகிதத்திலும் அப்படியே இருக்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எந்த விமான நிலையம் என்பது இங்கே வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் ஆனி மாத இரவு. இறங்குவதற்காக வரும் விமானங்கள் இரண்டு, அப்போதுதான் கிளம்பிய விமானம் ஒன்று, ஆக மூன்று என் பொறுப்பில் இருந்தன. ராடார் திரையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புள்ளியும், அதன் அருகில் பெயரும் உயரமும் எழுதிய ஒரு சிறு சீட்டும் தெரியும். சில வினாடிகளுக்கு ஒருமுறை அந்தப் புள்ளி அடுத்த இடத்துக்கு நகரும். முதலாவதாக வந்துகொண்டிருந்த விமானத்தின் விமானி, தாம் 8,000 அடியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருப்பதாக ரேடியோவில் சொன்னார். என் திரையிலோ அவருடைய சீட்டு 9,200 அடி என்று காட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் பார்த்தேன். 9,200தான். மற்ற இரண்டு புள்ளிகளும் நகரவில்லை. திரை அணையவில்லை, உறைந்துபோயிருந்தது. அணைந்த திரை தன் பழுதைத் தானே சொல்லிவிடும், உறைந்த திரை உயிரோடு இருப்பது போல் நடிக்கும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் அதன் பொருள் முழுதாக விளங்கியது.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளமான காகிதச் சீட்டு எங்கள் முன்னால் வரிசையாக இருக்கும், 'ஸ்ட்ரிப்' என்போம். கொடுத்த உயரம், கொடுத்த நேரம், விமானி திருப்பிச் சொன்னது எல்லாம் அதில் கையால் எழுதப்பட்டிருக்கும். வருகிறவரை 6,000 அடி வரைதான் இறங்கச் சொல்லியிருந்தேன். கிளம்பியவரை 5,000 அடி வரைதான் ஏறச் சொல்லியிருந்தேன். இருவரும் ஒருவர் மேல் ஒருவராகக் கடந்தாலும் நடுவே ஆயிரம் அடி இருக்கும். இதுவும் அதே ஆசிரியரிடம் கற்றதுதான்: ஓர் உத்தரவு கொடுத்த மறுகணமே நம் குரல் அற்றுப்போனாலும், அந்த உத்தரவு பாதுகாப்பானதாக நிற்கவேண்டும். ராடார் பழுது என்று மூவரிடமும் சொன்னேன். தரையில் வழிகாட்டும் எந்த ரேடியோ நிலையத்திலிருந்து எத்தனை மைலில் இருக்கிறீர்கள், என்ன உயரம் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். இறங்க வந்தவர்களில் இரண்டாமவரை 7,000 அடியில் கடலுக்கு மேல் வட்டமிடச் சொன்னேன். பதினொரு நிமிடங்களில் திரை சரியாகிவிட்டது. அப்படி வட்டமிட்ட விமானத்தில் இருந்தவர்கள் இருபது நிமிடம் தாமதமாக இறங்கினார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

உங்கள் தம்பியின் காத்திருப்பைப் புரிந்துகொள்ள அந்த இருபது நிமிடம்தான் திறவுகோல். ராடார் ஒழுங்காக இருக்கும்போது, ஒரே உயரத்தில் செல்லும் இரண்டு விமானங்களுக்கு நடுவே 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் இருந்தால் போதும். ஏறக்குறைய களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரையிலான தூரம். ராடார் இல்லாதபோது விமானி வாயால் சொல்லும் இடத்தையும் நேரத்தையும் மட்டுமே வைத்து இடைவெளி கணக்கிட வேண்டியிருப்பதால், பத்து நிமிடப் பறப்புத் தூரம் போன்ற ஓர் அளவுக்குப் போகிறோம். நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு அது 150 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி வரை நீளும். 9 கிலோமீட்டர் இருந்த இடத்தில் 150 கிலோமீட்டர் விடுகிறோம் என்றால், அதே வானத்தில் எத்தனை விமானங்களுக்கு இடம் கிடைக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மீதமுள்ளவை தரையில் நிற்கத்தான் வேண்டும். பாதுகாப்பைக் குறைக்காமல் வேலையைத் தொடர வேண்டுமென்றால், விட்டுக்கொடுக்க எங்களிடம் இருக்கும் ஒரே பொருள் நேரம். தம்பி அன்றைக்குக் கொடுத்தது அந்த நேரத்தைத்தான்.

கண் போனால் குரல் இருக்கிறது. குரலும் போய்விட்டால் என்று அம்மா கேட்கக்கூடும். அப்படியும் நடந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 28 அன்று, அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கவனிக்கும் பிலடெல்பியா மையத்தில், ராடாரும் ரேடியோவும் சேர்ந்தே சுமார் 90 வினாடிகள் செயலற்றுப்போயின. விமானங்கள் மோதவில்லை. ஆனால் அந்தத் தொண்ணூறு வினாடிகளைக் கடந்த கட்டுப்பாட்டாளர்களில் சிலர் மன அதிர்ச்சிக்காக விடுப்பில் போனார்கள். அதன்பின் பல நாட்கள் நியூவார்க்கில் விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின. அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அவர்களுடைய விடுப்பு எனக்கு முழுதாகப் புரிகிறது.

அப்படிக் குரலும் அற்ற நேரத்தில் விமானியிடம் கடைசியாக ஒன்று இருக்கிறது. மோதல் தவிர்ப்புக் கருவி என்று அதைச் சொல்லலாம். அருகில் வரும் விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் ரேடியோவில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவியோடு நேரடியாகப் பேசி, ஒருவருக்கு 'ஏறு' என்றும் மற்றவருக்கு 'இறங்கு' என்றும் அதுவே உரத்துச் சொல்லும். தரையின் உதவி அதற்குத் தேவையில்லை. நம் நாட்டில் அது கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்னும் இடத்துக்கு மேல், சவூதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேரும் இறந்தார்கள். அன்றைய டெல்லி ராடார், விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டுமே தவிர எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. எங்கள் தலைமுறைக் கட்டுப்பாட்டாளர்கள் அந்த மாலையை மறக்கவில்லை. அதன்பின் டெல்லியில் உயரம் காட்டும் ராடார் வந்தது, வருகைக்கும் புறப்பாட்டுக்கும் வழிகள் பிரிக்கப்பட்டன, மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று.

இனி 2025 நவம்பரில் டெல்லியில் நடந்ததற்கு வருவோம். அங்கே பழுதானது ராடாரும் இல்லை, ரேடியோவும் இல்லை. ஏ.எம்.எஸ்.எஸ். என்று நாங்கள் சொல்லும், செய்திகளைத் தானாகவே பிரித்து அனுப்பும் அமைப்பு அது. ஒவ்வொரு விமானமும் கிளம்புவதற்கு முன், எந்த வழியாக, எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு எரிபொருளோடு போகப்போகிறது என்ற பயணத் திட்டத்தைத் தாக்கல் செய்யவேண்டும். அந்தத் திட்டம், வானிலைச் செய்தி, ஓடுபாதை அறிவிப்புகள் எல்லாம் இந்த அமைப்பின் வழியாகத்தான் வழியிலுள்ள ஒவ்வொரு மையத்துக்கும் போய்ச் சேருகின்றன. பயணத் திட்டம் வந்து சேர்ந்தால்தான் கட்டுப்பாட்டாளரின் திரையில் அந்தப் புள்ளிக்குப் பெயர் வரும். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் இயந்திரம் நின்றுபோனால் ஊழியர்கள் கையால் பிரிக்க உட்காருவதைப் போல, டெல்லியில் கூடுதல் ஆட்களை வரவழைத்து, ஒவ்வொரு விமானத்தின் திட்டத்தையும் கையாலேயே கையாண்டார்கள். நவம்பர் 6 அன்று தெரியவந்த அந்தப் பழுதினால் மறுநாள் வெள்ளிக்கிழமைக்குள் 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. வழக்கமாக இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிக்கும் வேலையை ஒருவர் தட்டச்சு செய்து, இன்னொருவர் சரிபார்த்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எண்ணிப் பாருங்கள். தட்டச்சில் ஓர் உயரம் மாறிப்போனால் என்னவாகும் என்ற பயத்தோடு அதைச் செய்யவேண்டும். அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்கு என் வணக்கம்.

திருவனந்தபுரத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊர் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாதையில், பாறசாலையில் சிக்னல் பழுதானால், குழித்துறையிலேயே வண்டியை நிறுத்தி வைப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பார். நடுவழியில் வயல்வெளியில் நிறுத்துவதைவிட, குடிக்கத் தண்ணீர் கிடைக்கிற ஸ்டேஷனில் நிறுத்துவது மேல். விமானத்துக்கு அந்த வயல்வெளியும் கிடையாது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் பறந்து டெல்லியை அடைந்த விமானத்தை அங்கே வட்டமிட வைத்தால் எரிபொருள்தான் கரையும். அதனால், எத்தனை விமானங்களை ஒரு மணி நேரத்தில் ஏற்க முடியும் என்று டெல்லி சொன்னவுடன், ஒவ்வொரு ஊரிலும் கிளம்பவேண்டிய விமானத்துக்கு ஒரு புறப்பாட்டு நேரம் கணக்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். விமான நிலைய நாற்காலியில் உங்கள் தம்பி உட்கார்ந்திருந்தது அந்தக் கணக்கின்படிதான்.

இதோடு இன்னொரு சங்கிலியும் உண்டு. தம்பி ஏறவேண்டிய விமானம் காலையில் வேறெங்கோ போய்விட்டு வரவேண்டியதாக இருக்கும். ஒரே விமானம் ஒரு நாளில் நான்கைந்து ஊர்களைத் தொடும். காலையில் ஒரு மணி நேரம் பிந்தினால் மாலைக்குள் அது மூன்று மணி நேரமாகிவிடலாம். நடுவில் விமானிகளின் அனுமதிக்கப்பட்ட பணி நேரம் முடிந்துவிட்டால், வேறு குழு வரும்வரை அதே விமானம் நிற்கும். பழுது சரியான செய்தி டி.வி.யில் வந்த பிறகும் தாமதம் ஏன் தொடர்கிறது என்று பலர் கோபப்படுவதற்கு விடை இதுதான்.

ஹேக்கர்கள் பற்றி. டெல்லி விமான நிலையத்தை அணுகும் சில விமானங்களுக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டலில் பொய்ச் சமிக்ஞை வந்ததாகப் பின்னர் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது உண்மை. அதுவும் இந்தச் செய்தி அமைப்பின் பழுதும் வேறு வேறு. வாட்ஸ்அப்பில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள். பெரிய பழுதுகளின் வரலாற்றைப் பார்த்தால், சதியைவிட மிகச் சாதாரணமான காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

2023 ஜனவரி 11 அன்று அமெரிக்கா முழுவதும் விமானங்கள் புறப்படுவதை நிறுத்தினார்கள். அங்கே நின்றுபோனது 'நோட்டாம்' என்னும் அறிவிப்பு முறை. நோட்டாம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்குவது எளிது. ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி கோவில் ஆறாட்டு ஊர்வலம் திருவனந்தபுரம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறதல்லவா? அந்த மாலையில் ஓடுபாதை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை மூடியிருக்கும் என்று உலகெங்கும் உள்ள விமானிகளுக்கு முன்கூட்டியே போகும் அறிவிப்புத்தான் நோட்டாம். ஓடுபாதை மூடல், அணைந்த விளக்கு, புதிதாக நிறுத்திய கிரேன் எல்லாம் அதில் வரும். அமெரிக்காவில் அந்தப் பட்டியலின் மூலப்பிரதியையும் மாற்றுப்பிரதியையும் ஒத்துப்பார்த்துச் சரிசெய்யும் வேலையில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள், தவறுதலாகச் சில கோப்புகளை அழித்துவிட்டார்கள். அவ்வளவுதான் காரணம். 10,000க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. 1,300க்கும் மேற்பட்டவை ரத்தாயின.

அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் நடந்தது இன்னும் ஆழமாகப் பார்க்கவேண்டியது. நம் பக்கத்தில் ஒரே பெயரில் இரண்டு மூன்று 'விளை'கள் இருப்பதும், கூரியர்க்காரர் வேறு விளையில் போய் நின்றுகொண்டு போன் செய்வதும் உங்களுக்குப் புதிதல்ல. வான்வழியிலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குறுகிய குறியீடு உண்டு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸுக்குப் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் 'டி.வி.எல்.' என்ற ஒரே குறியீடு இரண்டு இடங்களில் வந்தது: ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்ஸின் தோவில். இரண்டுக்கும் நடுவே சில ஆயிரம் மைல்கள். பிரிட்டனின் கணினி, விமானம் தன் எல்லையை விட்டு வெளியேறும் இடத்தைத் தேடும்போது இந்த இரட்டைப் பெயரில் குழம்பி, தவறான தகவலைக் கட்டுப்பாட்டாளருக்குக் கொடுப்பதைவிட நின்றுவிடுவதே நல்லது என்று தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. உடனே மாற்றுக் கணினி பொறுப்பேற்றது. அதற்கும் அதே திட்டம் போயிற்று, அதிலும் அதே மென்பொருள்தான் இருந்தது, அதுவும் நின்றுவிட்டது. எல்லாம் 20 வினாடிகளுக்குள். அன்று அங்கே பொது விடுமுறை. விவரம் தெரிந்த பொறியாளர் வீட்டிலிருந்து வந்து சேர ஒன்றரை மணி நேரமானது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள்.

மாற்றுக்கு ஒன்று வைத்திருக்கிறோம் என்று சொல்லும் எந்த நிர்வாகியிடமும் நான் கேட்கும் கேள்வி இதிலிருந்து பிறந்தது: அந்த மாற்று, முதலாவது விழுந்த அதே குழியில் விழாமல் இருக்குமா? ஒரே மென்பொருளில் ஓடும் இரண்டு கணினிகளும், ஒரே கேபிளில் வரும் இரண்டு இணைப்புகளும், ஒரே அறையில் இருக்கும் இரண்டு மின் இணைப்புகளும் பெயரளவில்தான் இரண்டு. 2023 புத்தாண்டு அன்று மணிலாவில் மின்தடைக்காக வைத்திருந்த ஏற்பாடே பழுதாகி, பிலிப்பைன்ஸ் வான்வெளி பல மணி நேரம் முடங்கியது. சுமார் 65,000 பயணிகள் தவித்தார்கள். கணினியிலிருந்து முற்றிலும் வேறு விதமாக வேலை செய்யும் மாற்று, நான் பார்த்தவரை, பயிற்சி பெற்ற மனிதரும் அவர் கையிலிருக்கும் ஸ்ட்ரிப்பும்தான்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவதும் இந்த இடம்தான். அதை உங்களிடம் மறைப்பது சரியாகாது. 2002 ஜூலை 1 இரவு, சுவிட்சர்லாந்துக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பிலிருந்த ஜெர்மன் வான்வெளியில், யூபர்லிங்கன் நகருக்கு மேல் இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரஷ்யாவிலிருந்து சுற்றுலா வந்த குழந்தைகள். அன்று பராமரிப்புப் பணிக்காக, மோதல் வாய்ப்பை முன்கூட்டியே எச்சரிக்கும் திரை வசதி நிறுத்தப்பட்டிருந்தது. முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை. இருந்த இரண்டு கட்டுப்பாட்டாளர்களில் ஒருவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். மற்றவர் தனியாக இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதல் தவிர்ப்புக் கருவி ரஷ்ய விமானியை 'ஏறு' என்றது. தரையிலிருந்த அந்த ஒற்றை மனிதர், நிலைமையைத் தாமதமாகக் கண்டு, 'இறங்கு' என்றார். விமானி இறங்கினார். இப்படிப்பட்ட நிலையில் கருவி சொல்வதைத்தான் கேட்கவேண்டும் என்ற விதி உலகெங்கும் உறுதியானது அதற்குப் பிறகுதான்.

கருவிகள் பழுதானதோடு ஆளும் குறைந்திருந்த இரவு அது. நம் நாட்டிலும் கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் அதனால் வரும் சோர்வையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியிருக்கிறது. புதிய கட்டடத்துக்கும் கண்ணாடிக் கோபுரத்துக்கும் கிடைக்கும் கவனம், இரவுப் பணியில் இரண்டாவது நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதற்கும் கிடைக்கவேண்டும். ராடார் இல்லாமல் விமானங்களைப் பிரித்து அனுப்பும் முறையைப் பயிற்சிக் கூடத்தில் ஒருமுறை கற்றுக்கொண்டால் போதாது, கை மறந்துவிடும். எனக்கு அன்றிரவு கை மறக்காமல் இருந்ததற்குக் காரணம், மாதக்கணக்கில் ராடாரே இல்லாத நிலையங்களில் அதற்கு முன் வேலை பார்த்திருந்ததுதான். இப்போது பணிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை; செயற்கையாகவாவது அதை ஏற்படுத்திக் கொடுத்து, அடிக்கடி பழக்கவேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இழப்பீட்டோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.

இழப்பீட்டில் நல்ல செய்தி குறைவு. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளில், பிரிவு 3, தொடர் எம், பகுதி 4 என்பது தாமதத்துக்கும் ரத்துக்கும் உரியது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டினால் ஏற்படும் தாமதம், விமான நிறுவனத்தின் கைக்கு அப்பாற்பட்டது என்று அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பதால், இழப்பீட்டுத் தொகை கேட்க வழியில்லை. விமானம் ரத்தாகியிருந்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டிருக்கலாம். தம்பியின் விமானம் தாமதமாகவேனும் போனதால் அதற்கும் இடமில்லை. ஜம்மு டிக்கெட் தனியாக எடுத்தது என்பதால், முதல் நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. இரண்டும் ஒரே பதிவு எண்ணில் இருந்திருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் கடமையாக இருந்திருக்கும். இனிமேல் டெல்லி வழியாகப் போகும்போது நூறு இருநூறு ரூபாய் கூடுதலானாலும் ஒரே டிக்கெட்டாகவே எடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு காரியங்களை இப்போதும் செய்யலாம். தவறவிட்ட ஜம்மு டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் திரும்பாவிட்டாலும், அதில் சேர்த்து வாங்கிய அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும், பயணம் செய்யாதவருக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. பலர் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதும் இல்லை. நிறுவனத்துக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் அரசின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் பதியுங்கள். இரண்டாவது, முதல் நிறுவனத்திடம் தாமதச் சான்றிதழ் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பயண நாள், விமான எண், எத்தனை மணி நேரத் தாமதம் என்பவை அதில் இருக்கும். விடுப்பு முடிந்து தாமதமாக வந்ததற்குப் படைப்பிரிவில் காரணம் காட்ட, வாய்ச்சொல்லைவிட அந்தக் காகிதம் உதவும்.

அம்மாவின் பயணத்துக்குச் சில வார்த்தைகள். நேரடி விமானமாக, காலையில் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்புவதாகப் பார்த்து எடுங்கள். நாளின் தொடக்கத்தில் தாமதச் சங்கிலி இன்னும் நீளமாகியிருக்காது. பிப்ரவரித் தொடக்கத்தில் டெல்லியில் விடியற்காலை மூடுபனி இருந்தாலும், அவர் போய்ச் சேரும் நடுப்பகலுக்குள் பெரும்பாலும் விலகியிருக்கும். இரண்டு வேளை மருந்தும் கொஞ்சம் பிஸ்கெட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

டெல்லியை நெருங்கும்போது விமானம் வட்டமிடத் தொடங்கினால் என்ன செய்வது என்று அவர் கேட்பார். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் என்று சொல்லி வையுங்கள். எந்த ஜெட் விமானமும், போய்ச் சேரத் தேவையான எரிபொருளோடு, மாற்று விமான நிலையத்துக்குப் போகவும், அங்கேயும் அரை மணி நேரம் காத்திருக்கவும் போதுமான எரிபொருளை வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறது. தேவைப்பட்டால் ஜெய்ப்பூரிலோ லக்னோவிலோ இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு மறுபடி டெல்லிக்கு வரும். அலைச்சல்தான், ஆபத்து இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவைக் குழித்துறைக்கு அழைத்து வாருங்கள். எழுதாத ஸ்ட்ரிப் தாள்கள் சில என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மூன்றை எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைத்து, 5,000, 6,000, 7,000 என்று எழுதிக் காட்டுகிறேன்.